சவரனுக்குள் ஒரு ராஜா

நகைக்கடை வாசலில் தினம் மாறும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். இன்று சவரன் இவ்வளவு, கிராம் இவ்வளவு. அந்தச் 'சவரன்' சாவரின் என்கிற ஆங்கிலேயத் தங்கக் காசின் பெயர். 1817 முதல் அச்சான அந்தக் காசின் எடை 7.988 கிராம், 22 காரட். நமக்கு ஒரு சவரன் எட்டு கிராமாக இருப்பது அதனால்தான். 'பவுன்' என்று சொல்வதும் இதே காசைத்தான், அதன் மதிப்பு ஒரு பவுண்டு என்பதால். 1918இல் பம்பாயிலேயே இதை அச்சடித்திருக்கிறார்கள். முதன்முதலில் இந்தப் பெயரில் காசு போட்டவர் ஏழாம் ஹென்றி, 1489இல். ஒரு பக்கத்தில் அவரே அரியணையில் உட்கார்ந்திருப்பார். அரசரின் உருவம் உள்ள காசு, எனவே சாவரின்.

இந்தச் சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலை ஒருமுறை எழுதிப் பாருங்கள். கடைசியில் ஐ-ஜி-என் என்று வரும். அந்த 'ஜி' எதற்கு? உச்சரிப்பில் இல்லை, மூலத்திலும் இல்லை. பழைய பிரெஞ்சில் இது 'சோவெரேன்'. அதற்கும் முன்னால் பேச்சு லத்தீனில் 'சூப்பரானுஸ்', அதாவது மேலே இருப்பவன். நாம் எதற்கெடுத்தாலும் சொல்கிற 'சூப்பர்'தான் வேர். மேல்ஸ்தாயியில் பாடும் 'சொப்ரானோ'வும் இதே குடும்பம். எங்குமே 'ஜி' கிடையாது. ஆட்சி செய்வதைக் குறிக்கும் 'ரெயின்' என்ற சொல்லில் மட்டும் 'ஜி' நியாயமாக இருக்கிறது, அது லத்தீன் 'ரெக்னும்' என்பதிலிருந்து வந்தது. 'சாவரின்' என்றால் ராஜா, ராஜா என்றால் 'ரெயின்', ஆகவே இதிலும் ஒரு 'ஜி' இருக்கணும் என்று யாரோ எழுத்தர்கள் நினைத்துச் சேர்த்துவிட்டார்கள். மில்டன் 'ஜி' இல்லாமல் 'சாவ்ரன்' என்றே எழுதினார். நம்ம நகைக்கடைப் பலகையும் அப்படித்தான் எழுதுகிறது!

இதே போலி 'ஜி' ஒட்டிக்கொண்ட இன்னொரு சொல் உண்டு. அது 'ஃபாரின்'. பழைய பிரெஞ்சில் 'ஃபொரேன்', லத்தீன் 'ஃபோராஸ்', அதாவது கதவுக்கு வெளியே. அதிலும் 'ஜி' கிடையாது. அரசரைக் குறிக்கும் சொல்லும் அந்நியரைக் குறிக்கும் சொல்லும் ஒரே பொய்யான எழுத்தைச் சுமந்துகொண்டு நிற்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு போனதில்தான் இந்தக் குறிப்பு நீண்டுவிட்டது.

'ஃபாரின்' என்றால் நமக்குக் கடல் கடந்த நாடு. ஆங்கிலத்தில் அது நுழைந்த காலத்தில் அவ்வளவு தூரம் போகவில்லை. வீட்டுக்கு வெளியே இருந்தால் போதும். 'ஃபாரின் அறை' என்றால் கழிப்பறை! இடைக்கால லண்டனில் நகர உரிமை பெறாத ஆள் எல்லாருமே ஃபாரின்தான். கென்ட்டில் இருந்து காய்கறி கொண்டுவந்து விற்கிற ஆங்கிலேயனும் ஃபாரின். கடல் தாண்டி வந்தவனுக்கு ஏலியன் என்று வேறு பெயர். எல்லைக்கோடு நாட்டைச் சுற்றி இல்லை, நகரத்தைச் சுற்றி இருந்திருக்கிறது.

சரி, 1066இல் நார்மானியர் வருவதற்கு முன்னால், இந்தப் பிரெஞ்சுச் சொற்கள் எதுவும் இல்லாத காலத்தில், ஆங்கிலம் பேசியவர்கள் அரசரை, ஆட்சியை, அந்நியரை எப்படிச் சொன்னார்கள்? (பழைய ஆங்கில உச்சரிப்பைத் தமிழில் எழுதுவது கஷ்டம். ஏறத்தாழ எழுதியிருக்கிறேன், மன்னிக்கவும்.)

அரசர் 'கியூனிங்'. 'கியூன்' என்றால் குலம், அதில் பிறந்தவன் கியூனிங். இன்றைய 'கிங்'. ஃபின்னிஷ் மொழி இதை மிகப் பழங்காலத்தில் கடன் வாங்கி 'குனிங்கஸ்' என்று இன்றுவரை வைத்திருக்கிறது. கொடுத்த வீட்டில் தேய்ந்துபோன பாத்திரம் வாங்கிய வீட்டில் புதுசாக இருக்கிறது.

ஆனால் எனக்குப் பிடித்த சொல் அது இல்லை, 'ஹ்லாஃபோர்ட்'. இன்றைய 'லார்ட்'. பிரபு, ஆண்டவர், நீதிபதி என்று எவ்வளவோ பெரிய இடங்களில் உட்கார்ந்திருக்கும் சொல். பிரித்தால் 'ஹ்லாஃப்' + 'வெயர்ட்'. ஹ்லாஃப் ரொட்டி, வெயர்ட் காவல்காரன். ரொட்டிக்குக் காவல் இருப்பவன்! 'லேடி' அப்போது 'ஹ்லாஃப்டியே', ரொட்டி மாவு பிசைகிறவள். அப்படியானால் ரொட்டி தின்கிறவன்? அவனுக்கும் பெயர் உண்டு. கென்ட் நாட்டை ஆண்ட ஏதல்பெர்ட், கி.பி. 600ஐ ஒட்டி எழுதச் செய்த சட்டத்தில், ஒரு சாதாரணக் குடியானவனை அண்டிப் பிழைக்கும் ஆளை 'ஹ்லாஃபேட்டா', ரொட்டி தின்னி, என்று குறிக்கிறது. அவனை எவனாவது கொன்றால் குடியானவனுக்கு ஆறு ஷில்லிங் கட்ட வேண்டும். ஆங்கில மொழியில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சட்டத்தொகுப்பு இது. 12ஆம் நூற்றாண்டில் ரோச்செஸ்டரில் எடுத்த ஒரே ஒரு படியில் பிழைத்திருக்கிறது. அந்தப் படியும் இல்லையென்றால் ரொட்டி தின்னியை நமக்குத் தெரிந்தே இருக்காது.

ரொட்டி தருபவன், ரொட்டி தின்பவன். இந்த உறவைத் தமிழ் வாசகர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம், 'செஞ்சோற்றுக் கடன்' என்று ஒரே சொல்லில் வைத்திருக்கிறோம். ஆல்ஃபிரட் அரசரின் சட்டத்தில் மற்றக் குற்றங்கள் பலவற்றுக்குப் பணம் கட்டித் தப்பலாம். தன் ஹ்லாஃபோர்டின் உயிருக்கு எதிராகச் சதி செய்தவனுக்கு மட்டும் மன்னிப்பே இல்லை, உயிரும் போகும், சொத்தும் போகும். பிற்காலத்தில் 'ராஜதுரோகம்' என்று பெரிய பெயரில் வந்ததற்கு அடியில் கிடப்பது இந்தச் சோற்றுக்கடன்தான் என்பது என் எண்ணம்.

அரசிக்கு 'க்வேன்'. மூலப் பொருள் வெறும் பெண், மனைவி. வெஸ்ஸெக்ஸ் நாட்டில் இந்தப் பட்டத்தைக் கொடுக்கவே மாட்டார்களாம். ஆல்ஃபிரடின் வரலாற்றை எழுதிய ஆசர் பாதிரியார் காரணம் சொல்கிறார், ஆல்ஃபிரடே தன்னிடம் சொன்னதாக. ஆஃபா என்ற மெர்சிய அரசரின் மகள் எட்பர்கை வெஸ்ஸெக்ஸ் அரசர் பேர்ட்ரிக் மணந்தார். அரசருக்குப் பிடித்த ஒரு இளைஞனுக்கு அவள் விஷம் வைக்க, அரசரும் அதைக் குடித்துச் செத்துப்போனார். அவள் தப்பி சார்லமேனிடம் போனாள். "என்னையா, என் மகனையா, யாரைக் கட்டிக்கிறே?" என்று அவர் கேட்டாராம். "மகனை, அவர்தான் இளையவர்" என்றாளாம். "என்னைன்னு சொல்லியிருந்தா மகனைக் கொடுத்திருப்பேன், இப்ப ரெண்டுமில்லை" என்று கன்னிமடத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கும் தவறு செய்து வெளியேற்றப்பட்டு, பாவியா நகரில் பிச்சையெடுத்து இறந்தாள் என்று முடிகிறது கதை. அதன்பிறகு வெஸ்ஸெக்ஸில் அரசர் மனைவி 'அரசரின் மனைவி' மட்டுமே, பக்கத்தில் ஆசனமும் கிடையாது. 856இல் ஆல்ஃபிரடின் அப்பா ஏதல்வுல்ஃப், பிரான்க் அரசர் மகள் ஜூடித்தைக் கட்டிக்கொண்டு வந்தபோது பக்கத்தில் உட்கார வைத்தார், அதை ஒரு அதிசயமாகவே ஆசர் எழுதுகிறார். கதை எவ்வளவு உண்மையோ தெரியாது. மெர்சியா மேல் வெஸ்ஸெக்ஸுக்கு இருந்த எரிச்சல் அதில் நன்றாகத் தெரிகிறது.

கிரீடத்துக்கு 'கியூனெஹெல்ம்', அதாவது ராஜ தலைக்கவசம். போர்க்களத்தில் தலையில் இருந்ததுதான் சபையிலும் இருந்தது. காசுகளில் கிரீடம் அணிந்து தெரியும் முதல் ஆங்கிலேய அரசர் ஏதல்ஸ்டன், 925இல் கிங்ஸ்டனில் பட்டம் சூட்டிக்கொண்டவர். சொல் மட்டும் தலைக்கவசமாகவே நின்றது. 1087இல் வெற்றிவீரர் வில்லியம் இறந்தபோது, அவருடைய சபையிலேயே இருந்ததாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு ஆங்கிலேயத் துறவி குறிப்பு எழுதினார். ஆண்டுக்கு மூன்று முறை, ஈஸ்டருக்கு வின்செஸ்டரில், பெந்தகோஸ்தேக்கு வெஸ்ட்மின்ஸ்டரில், கிறிஸ்துமஸுக்கு குளோஸ்டரில், வில்லியம் கியூனெஹெல்ம் அணிந்தார் என்கிறார். தலை நார்மானியத் தலை, சொல் பழைய சொல். பிறகு 'கிரவுன்' வந்தது, கியூனெஹெல்ம் போச்சு.

இறையாண்மைக்கு வருவோம். இங்கே நான் ஒரு பாவமன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

அதிகாரம், ஆட்சிக்கு அவர்கள் சொன்னது 'ஆன்வெயல்ட்'. ஆல்ஃபிரட் தன் புகழ்பெற்ற முன்னுரையில் மக்கள்மேல் ஆட்சி வைத்திருந்த பழைய அரசர்களைப் பேசும்போது இந்தச் சொல்லைத்தான் போடுகிறார். இதே 'வெயல்ட்' ஒட்டிய இன்னொரு சொல் 'ப்ரெட்வால்டா'. சில வருஷங்களுக்கு முன் எழுதிய ஒரு குறிப்பில் இதை நான் 'சக்கரவர்த்தி' என்று மொழிபெயர்த்து, "பண்டைய இங்கிலாந்தில் எட்டு சக்கரவர்த்திகள் ஒருவர்பின் ஒருவராக இருந்தனர்" என்று எழுதிவிட்டேன். பாடப்புத்தகத்தில் படித்ததை அப்படியே ஒப்பித்தது. தவறு. ஏன் தவறு என்று சொல்கிறேன்.

இந்தப் பட்டியலின் முதல் ஏழு பேர் 731இல் வரலாறு எழுதி முடித்த பீட் துறவியிடமிருந்து வருகிறார்கள். ஏல்லெ, சியாவ்லின், ஏதல்பெர்ட், ரெட்வால்ட், எட்வின், ஓஸ்வால்ட், ஓஸ்வியு. தத்தம் நாட்டுக்கு அப்பாலும் 'இம்பேரியம்' வைத்திருந்தவர்கள் என்று லத்தீனில் சொல்கிறார். பட்டம் எதுவும் கொடுக்கவில்லை. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, ஆல்ஃபிரட் காலத்து வெஸ்ஸெக்ஸில் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பைத் தொகுத்தவர்கள் 829 நிகழ்ச்சிக்கு வருகிறார்கள். ஆல்ஃபிரடின் தாத்தா எக்பர்ட் மெர்சியாவையும் ஹம்பர் நதிக்குத் தெற்கே உள்ள எல்லாவற்றையும் பிடித்த ஆண்டு. உடனே பீட் எழுதிய பட்டியலை எடுத்து, எட்டாவதாகத் தாத்தா பெயரைச் சேர்த்து, இவர் எட்டாம் ப்ரெட்வால்டா என்று எழுதிவிட்டார்கள்.

நடுவில் யார் விட்டுப்போனார்கள் என்று பாருங்கள். மெர்சியாவின் ஏதல்பால்ட் 736இல் கொடுத்த ஒரு நிலதானப் பத்திரம் மூல வடிவிலேயே இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. அதில் சாட்சிப் பட்டியலில் அவர் தன்னை 'பிரிட்டனின் அரசர்' என்றே குறிக்கிறார். பட்டியலில் அவர் இல்லை. அவருக்குப் பின் வந்த ஆஃபா, சார்லமேனுடன் சரிசமமாகக் கடிதம் எழுதிக்கொண்டவர், அவரும் இல்லை. பீட் 735இல் இறந்துவிட்டார், ஆஃபாவைச் சேர்க்க அவரால் முடியாது. வெஸ்ஸெக்ஸ்காரர்களுக்குச் சேர்க்க மனசில்லை. இன்னொரு கொடுமை, எக்பர்ட் பிடித்த மெர்சியாவை அடுத்த ஆண்டே, 830இல், அதன் பழைய அரசர் விக்லாஃப் திரும்பப் பெற்றுவிட்டார். நம்ம 'சக்கரவர்த்தி'யின் ஆட்சி அங்கே ஒரு வருஷம்தான்.

சொல்லும் நிலையாக இல்லை. 'ப்ரெட்வால்டா' என்பது ஒரே ஒரு கைப்பிரதியில்தான். மற்றவற்றில் 'ப்ரியூட்டென்வால்டா' என்ற மாதிரி வடிவங்கள். முன்பாதி பிரிட்டனைக் குறித்தால் 'பிரிட்டனை ஆள்பவர்'. இல்லை, 'பரந்த' என்ற பொருளில் இருந்தால் 'விரிந்த ஆட்சி உடையவர்', வெறும் புகழ்மொழி. ஏழாம் நூற்றாண்டில் எந்த அரசரும் தன்னை இப்படி அழைத்துக்கொண்டதற்குச் சான்று இல்லை. ஒரு பேரனின் அரண்மனையில் தாத்தாவுக்குப் போட்ட மாலையை, பிற்கால வரலாற்றாசிரியர்கள் ஒரு பதவியாக்கி, அதற்கு வாரிசு வரிசையும் கொடுத்து, நானும் அதற்குச் 'சக்கரவர்த்தி' என்று பொட்டு வைத்தேன். அந்தக் குறிப்பைத் திருத்திவிட்டேன்.

இனி அந்நியர். 'ஃப்ரெம்டெ' என்றால் வேற்றாள். 'ஃபியோர்குண்ட்' தூரத்திலிருந்து வந்தவன். 695இல் கென்ட்டின் விட்ரெட் அரசரும், அதே காலத்தில் வெஸ்ஸெக்ஸின் இனே அரசரும் கிட்டத்தட்ட ஒரே வாசகத்தில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். தூரத்து ஆளோ வேற்றாளோ பாதையை விட்டு விலகிக் காட்டு வழியே போனால், கூப்பாடும் போடாமல் கொம்பும் ஊதாமல் போனால், அவனைத் திருடன் என்றே கொள்ள வேண்டும். கொல்லலாம், அல்லது பணம் வாங்கிக்கொண்டு விடலாம். உள்ளூர்க்காரனுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. சத்தம் போட்டுக்கொண்டே நடந்தால்தான் வேற்றாள் யோக்கியன்!

இதற்கெல்லாம் மேல் 'வெயல்ஹ்' என்று ஒரு சொல். கேல்ட் இனக்குழு ஒன்றுக்கு வோல்கே என்று பெயர், சீசர் குறிப்பிடுகிறார். அந்தப் பெயரைப் பக்கத்திலிருந்த ஜெர்மானியர்கள் எடுத்து, நம் மொழி பேசாத, ரோமானியச் சாயல் உள்ள எல்லாருக்கும் போட்டுவிட்டார்கள். பெல்ஜியத்தின் வாலூன், ருமேனியாவின் வலாக்கியா, போலந்துக்காரர்கள் இத்தாலியைச் சொல்லும் 'வ்வோஹி' எல்லாம் இதன் கிளைகள். வால்நட்டும்தான், 'வெயல்ஹ் கொட்டை', அந்நிய நாட்டுக் கொட்டை.

பிரிட்டனுக்குக் கடல் வழியே வந்து இறங்கிய ஆங்கிலேயர்கள் இந்தச் சொல்லை யார்மேல் ஒட்டினார்கள்? அங்கே ஏற்கெனவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருந்த பிரித்தானியர்மேல். வந்தவன் இருந்தவனைப் பார்த்து "நீ அந்நியன்" என்றான். 'வேல்ஸ்', 'வெல்ஷ்' என்று உலகம் முழுக்க இன்று சொல்வது அதைத்தான். கார்ன்வாலின் வாலும் அதே. அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது 'கும்ரி', ஒரே நாட்டவர், கூடப் பிறந்த மண்ணவர் என்று பொருள். ஒரே ஜனங்களுக்கு இரண்டு பெயர், இரண்டும் நேர் எதிர்.

பெயரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. இனே அரசரின் சட்டத்தில் ஒவ்வொரு உயிருக்கும் விலை உண்டு, கொன்றவன் கட்ட வேண்டியது. சாதாரண ஆங்கிலேயக் குடியானவன் 200 ஷில்லிங். வெயல்ஹ் ஒருவனுக்கு ஒரு ஹைடு நிலம், அதாவது ஒரு குடும்பம் பிழைக்கிற அளவு நிலம், இருந்தால் 120. அரை ஹைடு இருந்தால் 80. நிலமே இல்லையென்றால் 60. ஐந்து ஹைடு வைத்திருந்தால் 600. அரசருக்காகக் குதிரையில் சேதி கொண்டுபோகும் வெயல்ஹுக்கு 200, அதாவது அரச சேவகம் செய்தால் ஒரு சாதா ஆங்கிலேயனின் விலை. இந்தப் பட்டியலை முதலில் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு ஒன்று கவனித்தேன். ஐந்து ஹைடு வைத்திருந்த வெயல்ஹ் இருந்திருக்கிறான், அவனைச் சட்டம் கணக்கில் எடுத்திருக்கிறது. எல்லாரையும் வெட்டியோ விரட்டியோ தீர்த்துவிட்டார்கள் என்ற பழைய கதை இந்தச் சட்டத்தின் முன் நிற்காது. மெல்ல மெல்ல, 120க்கும் 200க்கும் இருக்கிற அந்த வித்தியாசமே ஒரு பேரனை ஆங்கிலம் பேச வைத்திருக்கும்.

இருநூறு முந்நூறு ஆண்டுகளில் வெஸ்ஸெக்ஸ் பேச்சில் 'வெயல்ஹ்' என்றால் அடிமை என்றே ஆகிவிட்டது. 'ஸ்லேவ்' என்ற சொல் ஸ்லாவிய இனத்தின் பெயரிலிருந்து வந்ததைப் போலத்தான்.

ஆனால் இதே வேரில் ஒரு நல்ல சொல்லும் முளைத்திருக்கிறது. 'வெயல்ஹ்ஸ்டோட்', மொழிபெயர்ப்பாளன், இரண்டு மொழிக்காரருக்கு நடுவில் நிற்பவன். எல்லையில் வாழ்பவர்களுக்கு அந்த ஆள் இல்லாமல் முடியாது. செவர்ன் நதிக்கு மேற்கே, வேல்ஸ் எல்லையை ஒட்டியிருந்த மக்களுக்கு 731இல் பிஷப்பாக இருந்தவரின் பெயரே வால்ஹ்ஸ்டோட் என்று பீட் எழுதுகிறார். அரசர்களிலும் ஒரு மொழிபெயர்ப்பாளர் உண்டு. அந்த எட்டுப் பேர் பட்டியலில் ஆறாவதாக வந்த ஓஸ்வால்ட், சிறுவயதில் நாடிழந்து அயர்லாந்துக்காரர்களிடம் வளர்ந்தவர். பின்னால் நார்தம்பிரியாவின் அரசரானபோது, ஐயோனாவிலிருந்து வந்த அய்டன் பிஷப்புக்கு ஆங்கிலம் சரியாக வராததால், பிரசங்கத்தை அரசரே நின்று தன் பிரபுக்களுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாராம்.

கடைசியாக 'எல்தெயோடிக்'. 'தெயோட்' மக்கள், 'எல்' வேறு. வேற்று மக்களைச் சேர்ந்தவன். இதிலிருந்து பிறந்த 'எல்தெயோடிக்னெஸ்' அந்நியனாக இருக்கும் நிலை, நாடுகடந்த வாழ்வு, கூடவே புனித யாத்திரை. கடவுளுக்காக ஊரை விட்டு அந்நியனாகிப் போவது அவர்களுக்கு ஒரு தவம்.

ஆண்டுக்குறிப்பில் 891ஆம் ஆண்டுக்குக் கீழே ஒரு நிகழ்ச்சி. டப்ஸ்லானே, மக்பெத், மேலின்முன் என்ற மூன்று அயர்லாந்துக்காரர்கள் இரண்டரைத் தோலால் செய்த படகில் ஏறினார்கள். துடுப்பு கிடையாது. ஏழு இரவுக்குச் சாப்பாடு மட்டும் எடுத்துக்கொண்டார்கள். எங்கே போகிறோம் என்பது பற்றிக் கவலையில்லை, கடவுளின் அன்புக்காக எல்தெயோடிக்னெஸில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஏழு இரவு கழித்துக் கார்ன்வாலில், அதாவது வெயல்ஹ்களின் கரையில், படகு தட்டியது. உடனே அங்கிருந்து நேராக ஆல்ஃபிரட் அரசரிடம் போனார்கள் என்று எழுதி, மூவர் பெயரையும் மரியாதையாகக் குறித்து வைத்திருக்கிறார்கள். அந்த ஆல்ஃபிரட்தான் இனேயின் சட்டத்தைத் தன் சட்டத்தோடு சேர்த்து எழுதிவைத்தவர், அந்தக் காட்டுவழி விதியும் அதில் இருக்கிறது. வழியில் மூவரும் கொம்பு ஊதிக்கொண்டு போனார்களா என்று மட்டும் எழுதவில்லை.